வண்டி எத்தன குடுக்கு?

1

எங்கள் பக்கத்தில் ஒருவர் கார் வாங்கினால் நிறம், விலை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "எத்தன குடுக்கு?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அதற்குப் பொருள். தென்காசி பேருந்து நிலையத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினால் முன்பின் தெரியாதவர்கூட பானட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்பார். குறைத்துச் சொன்னால் "ஏமாந்துட்டியளே அண்ணாச்சி" என்று துக்கம் விசாரிப்பார். அதனால் எல்லோரும் இரண்டு கூட்டித்தான் சொல்வார்கள், கேட்பவரும் இரண்டு கழித்துத்தான் நம்புவார். இதில் யாருக்கும் மனக்கசப்பு கிடையாது.

நான் செண்பகம். பிறந்தது தென்காசி, வாழ்க்கைப்பட்டது அச்சன்புதூர், இப்போது இருப்பது கனடாவில் சாஸ்கட்டூன் என்ற ஊர். இந்த வாரம் இங்கே முதல் பனி விழுந்தது. என் வீட்டுக்காரர் கணேசன் கராஜிலிருந்து கறுப்பு ஸ்பாஞ்சுக் குழாய்களை எடுத்து வந்து காரின் முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவே செருக ஆரம்பித்தார். ஜன்னல் வழியே பார்த்த எனக்குப் போன குளிர்காலம் முழுவதும் நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்தேன். அதை ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கணேசனின் அண்ணன் பெயர் சுடலைமுத்து. எனக்குப் பெரியத்தான். மாமனார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பியைப் படிக்க வைத்தவர், எனக்குப் பூ வைக்க வந்தவர், பிறகு எங்களை விமானம் ஏற்றி அனுப்பியவர், எல்லாம் அவர்தான். அச்சன்புதூரில் நெல் போடுகிறார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி ரயில் நிலையத்திலிருந்து அருவிகளுக்கு வேன் ஓட்டுகிறார்.

அண்ணன் தம்பி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் பேசத் தெரியாத ஜென்மங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"ஏலே, வண்டி எத்தன குடுக்கு?"

"இருவத்திரெண்டுண்ணே."

"பரவால்ல. டயருல காத்து பாத்துக்க. வச்சிருதேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நானும் அவர் மனைவியும் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவோம், இவர்கள் இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இருபத்திரெண்டு என்பது எங்கள் ஹைப்ரிட் காரின் கோடைக் கணக்கு. குளிர்காலத்தில் அது பதின்மூன்றுக்கு விழுந்துவிடும். கணேசன் அதை அண்ணனிடம் மூச்சுவிட்டதே இல்லை. மார்கழியிலும் இருபத்திரெண்டு, தையிலும் இருபத்திரெண்டு. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பெரியத்தான் இங்கே வந்து மீட்டரையா பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்துவிட்டார்.

2

ஹைப்ரிட் கார் என்பது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். மெதுவாகக் கிளம்பினால் பேட்டரியிலேயே நகரும். இப்படித்தான் பெட்ரோல் மிச்சமாகிறது. ஆனால் சாஸ்கட்டூன் குளிரில் இந்த சாமர்த்தியம் எல்லாம் பலிக்காது. பேட்டரி சுருண்டு படுத்துக்கொள்ளும். டயரில் காற்று இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் நமக்கு ஹீட்டர் வேண்டும், அந்த ஹீட்டருக்கு எஞ்சினின் சூடு வேண்டும். ஆகவே சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டே இருக்கும்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு மின்சார ஒயர் தொங்குவதைப் பார்த்து, எல்லாம் கரண்டில் ஓடும் வண்டி போலிருக்கிறது என்று ஊருக்குப் போன் செய்து சொன்னவள் நான். பிறகுதான் தெரிந்தது, எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க வீட்டுச் சுவரில் சொருகிச் சூடேற்றுகிறார்கள் என்று. ஊரில் அதைத் திருத்திச் சொல்லவில்லை. இன்னமும் எங்கள் தெருவில் கனடாக்காரர்கள் எல்லோரும் கரண்டுக் கார்தான் வைத்திருக்கிறார்கள்.

பெரியத்தானுக்கு மைலேஜ் பித்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேனுக்குள் எண்ணெய் தேய்த்த தலைகளும் ஈரத்துண்டுகளுமாக ஒரே வாசனை. குளித்துவிட்டுத் திரும்பும்போது இறக்கத்தில் பட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு இறங்குகிறது. நான் புதுப்பெண் என்பதை மறந்து கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "பயப்படாதம்மா, டீசல் மிச்சம்" என்றார். பக்கத்தில் கணேசன் பெருமையாக உட்கார்ந்திருந்தார். எந்தக் குடும்பத்தில் வந்து மாட்டியிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

3

விசா வாங்குவது பெரிய பாடு. வருகிறவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். வயல் பட்டா, வேன் ஆர்.சி. புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். போதாது என்று தோன்றியதால், நட்டு முடித்த வயலில் முழங்கால் சேற்றோடு நிற்கும் ஒரு படத்தையும் சேர்த்தார் கணேசன். அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் இந்த மனிதர் எங்கேயும் தங்கமாட்டார் என்று நம்பித்தான் ஆகவேண்டும். விசா வந்துவிட்டது.

நாற்று நட்டதும் கிளம்பி, பொங்கல் கழிந்ததும் திரும்பி, அறுவடைக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று திட்டம். கணேசன் இங்கே வந்தபிறகு அண்ணனோடு ஒரு பொங்கல்கூடக் கொண்டாடியதில்லை. "இந்தத் தைக்கு அண்ணன் நம்ம வீட்ல இருப்பாவ" என்று அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். நாற்பத்தேழு வயது ஆள், தீபாவளிக்குத் துணி எடுத்த பிள்ளைபோல இருந்தார்.

கனடாவில் விமானம் முதலில் இறங்கிய ஊரில் குடியேற்ற அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெரியத்தான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறார். அதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டோம்.

"பிரதர் கார், செக்கிங்னு சொன்னேன். ஒடனே தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டான்."

வேலை பார்க்க வந்த மெக்கானிக் என்று நினைத்துவிட்டார்கள். கணேசனின் போனுக்கு அழைப்பு வந்தது. அண்ணன் விவசாயி, கார் ரிப்பேர் செய்ய வரவில்லை, மைலேஜ் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று இவர் விளக்கம் சொன்னார். பிறகு அந்த அதிகாரி, "எத்தனை கொடுக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். இதை கணேசன் சத்தியம் செய்து சொல்கிறார். நான் பாதிதான் நம்புகிறேன்.

வந்து இறங்கியவர் என்னையும் எங்கள் மகள் இசக்கியையும் பார்த்துச் சிரித்தார். இசக்கி வீட்டில்தான் இசக்கி, பள்ளிக்கூடத்தில் இசி. பதினாறு வயது. கேள்வி எந்த மொழியில் இருந்தாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் இரண்டு வார்த்தைக்குமேல் வராது. பெரியப்பாவிடம் அந்த ஆங்கிலம் செல்லாது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

4

மறுநாளே பெரியத்தான் கேட்டது, "வண்டிக்குப் பூசை போட்டியாலே?"

போடவில்லை. வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் பெட்டியைத் திறந்து, செண்டுப்பூ மாதிரி செய்த கனத்த பிளாஸ்டிக் மாலை ஒன்றை எடுத்தார். நிஜப் பூ கொண்டுவரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தோம். வீட்டு முன்னால் கார். மாலையை முகத்தில் கட்டியாயிற்று, சந்தனம் பூசியாயிற்று, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு பழம் வைத்தாயிற்று. அன்றைக்குக் குளிர் மைனஸ் இருபத்தைந்து. சூடம் பற்றவே இல்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நாங்கள் வட்டமாக நின்று, தீக்குச்சிகளை வீணாக்கி, ஒருவழியாக ஆரத்தி காட்டி முடித்தோம்.

"எடுலே வண்டிய."

கணேசன் எடுத்தார். பழம் நசுங்கவில்லை. ஒன்று கோலிக்குண்டுபோலத் தெறித்துப் பக்கத்து வீட்டு வேலியில் போய் 'டங்' என்று அடித்தது. மற்ற மூன்றும் பனிக்குள் அமுங்கி, முழுசாக அப்படியே கிடந்தன.

பெரியத்தான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. வண்டிக்கு வைத்த பழம் நசுங்காமல் போவதை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. உள்ளே போய்ச் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. சாயங்காலம் கணேசனைக் கூப்பிட்டார்.

"எனக்கு மனசு சரியில்லலே. கூதல் ஒத்துக்கிடல. இங்கன எனக்கு ஒரு வேலயும் இல்ல. டிக்கெட்ட மாத்தி எடுத்துக் குடுத்துரு."

"பொங்கல் முடிஞ்சு போலாம்ணே."

"பாப்போம்."

திரும்பிப் போவாரா என்று சந்தேகப்பட்டு எங்களை அலைக்கழித்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அவர் நாளைக்கே போகத் தயாராக இருக்கிறார் என்று சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கணேசனைப் பார்த்ததும் கேலி வரவில்லை. சமையலறையில் வந்து நின்று தண்ணீர் குடிக்கிறார், குடித்த டம்ளரைக் கழுவுகிறார், மறுபடியும் தண்ணீர் பிடிக்கிறார்.

இசக்கிதான் வழி கண்டுபிடித்தாள். வெளியே கிடந்த பழங்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அதில் ஒன்றைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தாள்.

"பெரியப்பா, அமுக்கிப் பாருங்க. சாமி கோவம் இல்ல. ஃப்ரீஸ் ஆயிட்டு. அவ்ளோதான்."

அவர் அமுக்கினார். மெத்தென்று அமுங்கியது. இன்னும் இரண்டு புதுப் பழத்தை இவள் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரை வெளியே இழுத்துப்போனாள். கணேசன் வண்டியில் தயாராக உட்கார்ந்திருக்க, கடைசி நிமிஷத்தில் பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கடியில் வைத்தாள். வண்டி நகர்ந்தது. பச்சக்கென்று சாறு தெறித்தது.

"ஏட்டி!" என்று பெரியத்தான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்கவில்லை. இசக்கி இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசியும் கேட்டதில்லை.

5

அதற்குப் பிறகு டிக்கெட் பேச்சு வரவில்லை, வண்டிப் பேச்சுத்தான். எலுமிச்சம்பழமே சூடாக இருந்தால்தான் வேலை செய்கிறது என்றால் எஞ்சினை ஏன் பட்டினி போடுகிறாய் என்று தம்பியிடம் சண்டை. கடுங்குளிரில் மட்டும் ஒயரைச் சொருகி வந்த கணேசன், தினமும் அதிகாலையில் சொருக ஆரம்பித்தார். பின்னால் டிக்கியைத் திறந்து பார்த்தால் இரண்டு அரிசி மூட்டை, சறுக்காமல் இருக்க ஒரு மணல் மூட்டை, போன கோடையின் கூடாரம். "இதென்ன வண்டியா, குடோனா?" என்று எல்லாவற்றையும் இறக்கினார். டயர்களில் காற்றை நிரப்பினார்கள். கூரையில் படிந்த பனியை முழுசாகத் தள்ளாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

பெரியத்தான் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். டயரில் காற்றை இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று நின்றார். ஏற்றிய மறுநாள் கார் தெருமுனையில் சறுக்கி, அழகாக ஒரு அரைவட்டம் போட்டு, வந்த பக்கமே பார்த்து நின்றது. "வண்டியே வீட்டுக்குப் போவோம்ங்கு" என்றார். மாலை விஷயமும் அப்படித்தான். அதைக் கட்டியதிலிருந்து முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. "சாமிய அதுக்குப் பிடிக்கல போலருக்கு" என்று வருத்தப்பட்டார். இசக்கி மாலையைக் கீழ்க் கம்பிகளுக்கு இறக்கிக் கட்டினாள். எச்சரிக்கை போய்விட்டது. கூடவே மைலேஜ் ஒன்று ஏறியிருந்தது.

"சாமி!" என்றார் பெரியத்தான்.

"காத்து பெரியப்பா. குளிர்காத்து உள்ள போய் எஞ்சின ஆற வைக்குது. மால மறைக்குது."

"சரிட்டி, காத்தையும் சாமிதான் மறைக்காரு."

பிறகுதான் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போர்த்தும் ஸ்பாஞ்சு வாங்கி வந்து கம்பிகளுக்கு நடுவே செருகினார்கள். எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும், வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று இசக்கி படித்துச் சொன்னாள். கடைக்கு, அஞ்சலகத்துக்கு, நூலகத்துக்கு என்று தனித்தனியாகப் போவதும் நின்றது. ஒரே சுற்றில், முதலில் தூரத்து இடத்துக்குப் போய் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் மற்றவற்றை முடிக்க வேண்டும். எனக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி வேண்டுமென்றால் ஊர் எல்லைவரை போய்வர வேண்டியிருந்தது.

இதுவரைக்கும் சந்தோஷம்தான். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பெரியத்தான் தெரியாத்தனமாக ஹீட்டரை அணைத்துவிட்டார். எஞ்சின் சட்டென்று ஓய்ந்தது. வண்டிக்குள் ஊசி விழுந்தால் கேட்கும்.

"ஏலே! நின்னு போச்சா?"

"இல்லண்ணே. ஹீட்டர் இல்லாட்டா அதுவா அணஞ்சிக்கிடும். பெட்ரோல் மிச்சம்."

அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். "நான் ஐந்தருவி எறக்கத்துல அணைச்சா எல்லாரும் ஏசுனிய. இது தானா அணைக்கு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய!"

அன்றோடு ஹீட்டர் போயிற்று. அண்ணனும் தம்பியும் இருக்கைச் சூட்டை மட்டும் போட்டுக்கொண்டு, கம்பளியும் குரங்குக் குல்லாவுமாக, வாயில் புகை வர, நகரத்தைச் சுற்றினார்கள். மூச்சு பட்டு முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படியும், பெரியத்தான் துண்டால் தேய்த்துக்கொண்டே வருவார். இரண்டு பேருக்கும் பல் தந்தியடிக்கும், ஆனால் குளிருகிறது என்று முதலில் சொல்பவன் தோற்றவன் என்பதுபோல ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். இசக்கி ஒரே நாளில் பள்ளிப் பேருந்துக்கு மாறிவிட்டாள். வண்டி ஓட்டும்போது கண்ணாடி தெளிவாக இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று நான் கத்திய பிறகு, கண்ணாடிக்கு மட்டும் கொஞ்சம் காற்றை விட்டார்கள். திரையில் பதினைந்து வந்தது, பதினாறு வந்தது, மார்கழி பாதியில் பதினேழு வந்தது. கணேசன் அதை போட்டோ எடுத்தார். போட்டோவில் அண்ணனின் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

6

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது சாமான் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின்சீட்டில் போர்வைக்குள். மஞ்சள் கிடைத்தது, கரும்பு ஐஸ்பெட்டியில் வைத்த துண்டாகத்தான் கிடைத்தது. பதினேழைப் பார்த்துக்கொண்டே வந்த பெரியத்தான் கேட்டார்.

"ஏலே, இவ்வளவு பண்ணி பதினேழுதான் வருது. போன தைக்கு இருவத்திரெண்டுன்னு சொன்னியே, அப்ப என்ன பண்ணுன?"

கணேசன் அடுத்த சிக்னல்வரை ஓட்டினார். வண்டி நின்றது, எஞ்சின் அணைந்தது.

"அது பொய்ண்ணே."

"எது?"

"குளுருல எப்பவும் பதிமூணுதான் குடுத்துச்சு. வண்டி வாங்குன நாள்லருந்து."

"ஏன்லே எங்கிட்டப் பொய் சொன்ன? நான் என்ன ஒன் வண்டிய வாங்க வந்தவனா?"

"கொறச்சிச் சொன்னா நீங்க வருத்தப்படுவிய."

"ஒன் வண்டிக்கு நான் எதுக்குலே வருத்தப்படுதேன்?"

"பின்ன ஏன் வாரம் தவறாம அத மட்டுமே கேட்டிய?" கணேசனின் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணனிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். வண்டி நகர்ந்தது.

பெரியத்தான் துண்டால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தணிவாகச் சொன்னார்.

"வேற என்ன கேக்கதுன்னு எனக்குத் தெரியலலே. நீ பாக்க வேல எனக்குப் புரியாது. இங்கன எப்ப மழ, எப்ப வெயிலுன்னு தெரியாது. நல்லாருக்கியான்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவ. வண்டின்னா எனக்குத் தெரியும். அது நல்லாக் குடுக்குன்னா நீ நல்லாருக்கன்னு நெனச்சிக்கிடுவேன்."

வீடு வந்துவிட்டது. இறங்குவதற்குமுன் இன்னொன்றும் சொன்னார்.

"அப்ப இத்தன வருசக் கூதலையும் எங்கிட்ட மறச்சிட்ட."

அதன்பின் வீட்டில் பேச்சில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது. பெரியத்தான் சாப்பிட்டார், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், தூங்கினார். துணி எடுத்துவைக்கப் போன நான், அவர் வேட்டிகள் மடித்துப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். கணேசனிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று அவர் முகம் சொன்னது. விருந்துக்கு வந்த அண்ணன் பொங்கலுக்கு முதல்நாள் கிளம்பிப் போனால் இந்த மனிதர் அதை எப்படித் தாங்குவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா அம்மனுக்கும் நேர்ந்துகொண்டேன்.

7

இங்கே தை மாதத்தில் சூரியன் காலை ஒன்பது மணிக்குமேல்தான் எழுந்திருப்பார். பொங்கல் வைப்பவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே வசதி அதுதான். எட்டு மணிக்கு எழுந்தாலும் விடியற்காலைப் பொங்கல். அன்றைக்கு இசக்கி முதல் வகுப்புக்கு வரமாட்டாள் என்று பள்ளிக்குத் தெரியப்படுத்தினேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். சூரியனுக்காகக் காத்திருக்கிறோம் என்றேன். வாழ்த்துச் சொன்னார்கள்.

பெரியத்தான் கிளம்பவில்லை. குளித்து, திருநீறு பூசி, உள்ளே இரண்டு கால்சட்டையும் மேலே வேட்டியுமாக வந்து நின்றார். ஆனால் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது, பெட்டியும் மூடித்தான் இருந்தது. அப்போதுதான் தேங்காயை உடைத்துப் பார்த்தேன், அழுகல். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் போட்டதில், தன் வீட்டில் ஒன்று இருக்கிறது என்றாள். கணேசன் சாவியை எடுத்தார். பெரியத்தான் செருப்புக்குப் பதிலாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அவர்கள் போய் வருவதற்குள் சமையலறை அடுப்பில் வெண்கலப் பானையை வைத்து, மஞ்சள் கொத்துக் கட்டி, பாலை ஊற்றினேன். இசக்கி ஜன்னல் பக்கம் நின்றாள். அந்த ஜன்னல் கிழக்குப் பார்த்தது, கார் நிற்கும் இடமும் அங்கேதான்.

"வந்துட்டாங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா எறங்கல," என்றாள்.

நானும் போய்ப் பார்த்தேன். கார் நிற்கிறது. பின்னால் வெள்ளையாகப் புகை போய்க்கொண்டே இருக்கிறது. முன்கண்ணாடியில் பொட்டுப் பனி இல்லை. அத்தனை நாளாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு குல்லாக்களின் நிழலைத்தான் பார்த்து வந்திருந்தேன். இன்றைக்கு இருவர் முகமும் துலக்கமாகத் தெரிந்தது. குல்லாவைக் கழற்றிவிட்டார்கள். ஹீட்டர் முழுசாக ஓடுகிறது.

பெரியத்தான் பேசிக்கொண்டிருந்தார். கையை விரித்து, உயர்த்தி, எதையோ அளந்து காட்டிப் பேசினார். கணேசன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பிறகு இவர் பேசினார். பெரியத்தான் திரும்பி உட்கார்ந்து கேட்டார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் கணேசன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அண்ணன் அவர் தொடையில் ஒரு அடி போட்டார். தேங்காய் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அம்மா, எவ்ளோ நேரமா எஞ்சின் சும்மா ஓடுது," என்றாள் இசக்கி. "இப்ப மைலேஜ் ஜீரோ."

"ஓடட்டும்ட்டி."

வீடுகளின் கூரைக்கு மேல் செம்மை பரவிச் சூரியன் விளிம்பு காட்டியது. பின்னால் பானையில் பால் நுரை கட்டி, கழுத்துவரை வந்துவிட்டது. இசக்கி துள்ளினாள்.

"அம்மா, பொங்கப் போகுது! ஓடிப்போய்க் கூப்பிடட்டா?"

பொங்கப் போகிற பானைக்கு அடியில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தீயைக் குறைத்ததில்லை. குறைக்கக்கூடாது என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் கையை நீட்டி அடுப்பின் திருகைக் குறைத்தேன். நுரை மெல்லக் கீழே இறங்கியது.

"இரு," என்றேன். "பேசி முடிக்கட்டும்."